கென்னி பரெல்: மேடையும் வகுப்பறையும் ஒன்றான கதை

ஜாஸ் வரலாற்றில் கென்னி பரெலைப் பற்றிய பேச்சு இரண்டு இடங்களில் வரும். 1950, 60களின் நியூயார்க் ஒலிப்பதிவுகளைப் பேசும்போது அவர் ஒரு கிதார் கலைஞர். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் ஜாஸைப் பாடமாக ஏற்றுக்கொண்ட கதையைச் சொல்லும்போது அவர் ஒரு பேராசிரியர். இவ்விரண்டுக்கும் நடுவே என்ன உறவு என்று கேட்டால் எளிதாக ஒரு விளக்கம் கிடைக்கும்: மேடை ஓய்ந்தது, கலைஞர் ஆசிரியரானார். பல கலைஞர்களுக்கு இது பொருந்தும். பரெலுக்குப் பொருந்தாது. 1978இல் அவர் பல்கலைக்கழகப் பாடம் நடத்தத் தொடங்கினார். அதற்குப் பின் 35 ஆண்டுகளுக்கும் மேலாக அவருடைய இசைத்தட்டுகள் வந்துகொண்டிருந்தன. ஆசிரியராவதற்கு முந்தைய பதிவுகளிலும் சக கலைஞர்களைக் கேட்டு, இடம்விட்டு, அவர்களை முன்னிறுத்தி வாசிக்கும் ஒருவரைத்தான் கேட்கிறோம்.

அவருடைய வாசிப்பும் கற்பித்தலும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை. அந்த மூலம் 1940களின் டெட்ராய்ட் நகரம். அங்கே இசையைக் கற்றுக்கொள்வதும் கற்றுக்கொடுப்பதும் வெவ்வேறு தொழில்களாகப் பிரியவில்லை. அந்தப் பழக்கத்தை நியூயார்க்கின் ஒலிப்பதிவு அறைகளுக்கும், பிறகு லாஸ் ஏஞ்சல்ஸின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கும் கொண்டுபோனதே பரெலின் வாழ்நாள் வேலை.

டெட்ராய்ட் என்னும் பள்ளி

கென்னத் ஏர்ல் பரெல் 1931 ஜூலை 31 அன்று டெட்ராய்டில் பிறந்தார். கார் தொழிற்சாலைகளின் நகரம் அது. தெற்கு மாநிலங்களின் பருத்திக் காடுகளையும் நிறவெறிச் சட்டங்களையும் விட்டு வடக்கே வந்த கறுப்பின மக்கள் அந்தத் தொழிற்சாலைகளை நம்பிக் குடியேறினார்கள். 1940இல் அந்நகரில் சுமார் 1,49,000 கறுப்பின மக்கள் இருந்தார்கள். 1950இல் அந்த எண்ணிக்கை 3,00,000ஐத் தாண்டியது. வேலை கிடைத்தது, விரும்பிய இடத்தில் வீடு கிடைக்கவில்லை. பிளாக் பாட்டம், பாரடைஸ் வேலி என்ற இரண்டு நெருக்கமான பகுதிகளுக்குள்ளேயே பெரும்பாலோர் வாழ வேண்டியிருந்தது. 1943 ஜூனில் நடந்த இனக்கலவரத்தில் 34 பேர் இறந்தார்கள். அவர்களில் 25 பேர் கறுப்பினத்தவர். பரெலுக்கு அப்போது 12 வயதுகூட முடியவில்லை.

இந்த நெருக்கடிக்குள்தான் ஓர் அபூர்வமான இசைச் சூழல் உருவானது. ஹேஸ்டிங்ஸ் தெருவில் புளூஸ் பாடகர்கள், மதுக்கூடங்களில் ஜாஸ் குழுக்கள், ஞாயிறுதோறும் தேவாலயப் பாட்டு. பரெலின் வீட்டிலேயே இசை இருந்தது. தாய் பியானோ வாசிப்பார், தேவாலயப் பாடகர் குழுவிலும் பாடினார். தந்தை பாஞ்சோ வாசிப்பவர். சகோதரர்களும் இசை பயின்றவர்கள். சிறுவன் பரெலுக்கு ஆசை சாக்ஸபோன்மீது. போர்க்காலத்தில் அதை வாங்கும் வசதி அந்தக் குடும்பத்துக்கு இல்லை. 10 டாலருக்கு வாங்கிய ஒரு கிதார்தான் கைக்கு வந்தது. பிற்காலத்தில் சாக்ஸபோன்போல மூச்செடுத்து வாசிக்கும் கிதார் என்று அவருடைய நடையைக் கேட்பவர்கள் உணர்வதற்கு இந்த முதல் ஆசையும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பள்ளியும் துணை நின்றது. டெட்ராய்டின் அரசுப் பள்ளிகளில் அன்று தரமான இசைக் கல்வி இருந்தது. பரெல் படித்த மில்லர் உயர்நிலைப் பள்ளியில் லூயிஸ் கப்ரேரா என்ற ஆசிரியர் இசைக் கோட்பாட்டை முறையாகச் சொல்லிக்கொடுத்தார். வைப்ரஃபோன் மேதை மில்ட் ஜாக்சனும், சாக்ஸபோன் கலைஞர் யூசுஃப் லத்தீஃபும் அதே பள்ளியில் பயின்றவர்கள்தான். பள்ளி முடிந்தால் பியானோ கலைஞர் பேரி ஹாரிஸின் வீடு. பரெலைவிட ஒன்றரை வயது மட்டுமே மூத்த ஹாரிஸ், இளம் வயதிலேயே ஆசிரியராகிவிட்டவர். சக இளைஞர்கள் அவர் வீட்டில் கூடி, சார்லி பார்க்கரும் டிஸ்ஸி கில்லெஸ்பியும் நியூயார்க்கில் உருவாக்கியிருந்த பீபாப் என்ற புதிய நடையைப் பிரித்துப் பிரித்துக் கற்றார்கள். கட்டணமும் இல்லை, சான்றிதழும் இல்லை. தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்வார், அவ்வளவுதான்.

டாமி ஃபிளனகன், பால் சேம்பர்ஸ், டொனால்ட் பேர்ட், பெப்பர் ஆடம்ஸ், எல்வின் ஜோன்ஸ், ரான் கார்ட்டர் என்று 1950களின் நடுவிலிருந்து நியூயார்க்கை நிறைத்த ஜாஸ் கலைஞர்களில் பலர் டெட்ராய்டிலும் அதைச் சுற்றிய ஊர்களிலும் உருவானவர்கள். ஒரே நகரத்திலிருந்து இத்தனை பேர் புறப்பட்டதற்குத் தனிமனித மேதைமை மட்டும் காரணமாக இருக்க முடியாது. தேவாலயம், அரசுப் பள்ளி, வீட்டுக்கூடம், மதுக்கூட மேடை நான்கும் ஒன்றையொன்று தாங்கிய ஏற்பாடு அது. பரெலும் இளம் வயதிலேயே அதற்குத் தன் பங்கைச் செலுத்தினார். வேய்ன் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் நண்பர்களோடு சேர்ந்து நியூ வேர்ல்ட் மியூசிக் சொசைட்டி என்ற கூட்டமைப்பைத் தொடங்கினார். பெப்பர் ஆடம்ஸ், டொனால்ட் பேர்ட், எல்வின் ஜோன்ஸ், யூசுஃப் லத்தீஃப் ஆகியோர் அதில் இருந்தார்கள். கலைஞர்களே கச்சேரிகளை நடத்தும் முயற்சி அது.

1951இல் டிஸ்ஸி கில்லெஸ்பியின் குழு டெட்ராய்டுக்கு வந்தபோது, 19 வயது பரெல் அதில் சேர்ந்து முதல் ஒலிப்பதிவில் வாசித்தார். அந்தக் குழுவில் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனும் மில்ட் ஜாக்சனும் இருந்தார்கள். அந்த வயதில் இப்படி ஒரு வாய்ப்பு வந்தால் கிதாரைத் தூக்கிக்கொண்டு நியூயார்க் போய்விடுவதுதான் இயல்பு. பரெல் படிப்பைத் தொடர்ந்தார். ஜோ ஃபாவாவிடம் கிளாசிக்கல் கிதார் கற்றார். 1955இல் இசையமைப்பிலும் கோட்பாட்டிலும் பட்டம் பெற்றார். ஜாஸ் வாசிப்பவருக்கு ஐரோப்பிய இசைப் பட்டம் எதற்கு என்று கேட்கலாம். அன்றைய அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் கறுப்பின மாணவருக்கு அவருடைய சொந்த இசையைப் பாடமாகப் படிக்கும் வழி ஏறத்தாழ இல்லை. தன் இசைக்கு வெளியே நின்று அவர் பட்டம் வாங்க வேண்டியிருந்தது. இந்தப் பிளவை மூட அவர் பிற்காலத்தில் முயன்றார்.

இடம்விட்டு வாசித்தவர்

பரெல் கிதாரைத் தொட்ட காலத்தில் அந்தக் கருவியின் நிலையே மாறிக்கொண்டிருந்தது. 1930களின் பெரிய இசைக்குழுக்களில் கிதாரின் வேலை தாளத்துக்குத் துணையாகக் கார்டுகளை, அதாவது ஒன்றாக ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுகளை, அடிப்பதுதான். ஊதுகருவிகளின் முழக்கத்தில் தனி ஸ்வரங்கள் கேட்கவே கேட்காது. மின்ஒலிபெருக்கி வந்தபின் சார்லி கிறிஸ்டியன் அதை மாற்றினார். 1939இல் பென்னி குட்மன் குழுவில் சேர்ந்த அவர், சாக்ஸபோனுக்கு நிகராகக் கிதாரில் நீண்ட தனி வாசிப்புகளைச் செய்துகாட்டினார். 1942இல் 25 வயதில் காசநோயால் இறந்துபோனார். அவருக்குப் பின் வந்த ஒவ்வொரு ஜாஸ் கிதார் கலைஞரும் அவருக்குக் கடன்பட்டவர். பரெல் அதோடு வேறு இரண்டு ஊற்றுகளையும் சேர்த்துக்கொண்டார். நாட் கிங் கோல் மூவர் குழுவில் வாசித்த ஆஸ்கர் மூரிடமிருந்து கார்டுகளின் மென்மை. டி-போன் வாக்கரிடமிருந்து புளூஸின் பேச்சுமொழி.

பட்டம் வாங்கிய ஆண்டிலேயே பியானோ கலைஞர் ஆஸ்கர் பீட்டர்சன் குழுவில் ஹெர்ப் எல்லிஸுக்குப் பதிலாகச் சில மாதங்கள் வாசித்தார். 1956இல் டாமி ஃபிளனகனோடு நியூயார்க் சென்றார். அதே ஆண்டில் புளூ நோட் நிறுவனம் அவருடைய பெயரில் முதல் ஆல்பத்தைப் பதிவு செய்தது. பாடகி பில்லி ஹாலிடேயின் ‘லேடி சிங்ஸ் த புளூஸ்’ பதிவிலும் அவர் கிதார் கேட்கிறது. 1957 முதல் இரண்டாண்டுகள், ஒருகாலத்தில் சார்லி கிறிஸ்டியன் அமர்ந்த அதே பென்னி குட்மன் குழுவில் வாசித்தார். நொட்டேஷனைப் பார்த்த மாத்திரத்தில் வாசிக்கும் பயிற்சி இருந்ததால் பிராட்வே நாடக ஆர்கெஸ்ட்ராக்களும் ஸ்டுடியோக்களும் அவரை அழைத்தன. இரவு ஜாஸ் மேடை, பகலில் யாருக்காகவோ ஒரு பதிவு என்று வாழ்க்கை நகர்ந்தது.

இந்தக் காலத்தின் பதிவுகளில் இரண்டை எடுத்துக்கொள்ளலாம். முதலாவது 1958 மார்ச் 7 அன்று ஜான் கோல்ட்ரேனோடு செய்தது. பியானோவில் ஃபிளனகன், பேஸில் பால் சேம்பர்ஸ், டிரம்ஸில் ஜிம்மி காப். அடுக்கடுக்காக ஸ்வரங்களைக் கொட்டும் வேட்கையில் கோல்ட்ரேன் இருந்த காலம் அது. அவரோடு போட்டிபோட்டால் எந்தக் கிதாரும் தோற்கும். பரெல் போட்டியிடவில்லை. ‘வை வாஸ் ஐ பார்ன்?’ என்ற பாடலில் மற்ற மூவரும் விலகிக்கொள்ள, கிதாரும் சாக்ஸபோனும் மட்டும் வாசிக்கின்றன. கோல்ட்ரேனின் ஒலிப்பதிவுகளில் இப்படி ஒரு கிதார்–சாக்ஸபோன் உரையாடல் வேறெங்கும் எளிதில் கிடைக்காது. பரெல் பின்னணியில் கார்டுகளை மெல்ல விரிக்கிறார். கோல்ட்ரேனின் ஒலி அவற்றின்மேல் அமைதியாக நடக்கிறது. எதிரில் இருப்பவரை அவருடைய மிகச் சிறந்த நிலைக்குக் கொண்டுவரும் துணை வாசிப்பு அது. நல்லாசிரியருக்கு வேண்டிய குணமும் அதுதான்.

இரண்டாவது, ஹாமண்ட் ஆர்கன் கலைஞர் ஜிம்மி ஸ்மித்தோடு செய்த பதிவுகள். ஆர்கன், கிதார், டிரம்ஸ் சேர்ந்த குழுவில் ஒலி எளிதில் அடர்ந்து மூச்சுமுட்டும். ஸ்மித் இடைவிடாமல் வாசிப்பவர். பரெல் அவருக்கு நடுநடுவே நிறுத்தங்களைத் தருகிறார். ‘மிட்நைட் ஸ்பெஷல்’, ‘பேக் அட் த சிக்கன் ஷேக்’ ஆகிய ஆல்பங்களில் ஆர்கனின் வெப்பமும் கிதாரின் நிதானமும் ஒன்றையொன்று சமன்செய்வதைக் கேட்கலாம்.

‘மிட்நைட் புளூ’

1963 ஜனவரி 8. நியூஜெர்சியின் எங்கிள்வுட் கிளிஃப்ஸில் ரூடி வான் கெல்டரின் ஸ்டுடியோ. பரெல் கூட்டிவந்த குழுவில் டெனர் சாக்ஸபோனுக்கு ஸ்டான்லி டரன்டைன், பேஸுக்கு மேஜர் ஹோலி, டிரம்ஸுக்கு பில் இங்கிலிஷ், காங்காவுக்கு ரே பரேட்டோ. பியானோ கிடையாது.

பியானோவை விட்டது இந்தப் பதிவின் முக்கியமான முடிவு. ஜாஸ் குழுவில் கார்டுகளால் அடித்தளம் போடுவது பொதுவாகப் பியானோவின் வேலை. அது இருந்தால் கிதார் ஒதுங்க வேண்டும், இல்லையேல் இரண்டும் மோதும். பியானோ இல்லாதபோது கிதார் தனி வாசிப்புக்கும் அடித்தளத்துக்கும் தானே பொறுப்பு. வெற்றிடமும் மிகும். அந்த வெற்றிடத்தை நிரப்பாமல் விட்டதில்தான் ‘மிட்நைட் புளூ’வின் அழகு இருக்கிறது.

முதல் பாடல் ‘சிட்லின்ஸ் கான் கார்னே’ ஒரு புளூஸ். புளூஸின் அடிப்படை வடிவம் 12 பார்கள், அதாவது தாள அளவுகள், கொண்ட ஒரு சுற்று. நான்கு நான்காக மூன்று வரிகள். முதல் வரியில் ஒன்றைச் சொல்லி, இரண்டாம் வரியில் அதையே திரும்பச் சொல்லி, மூன்றாம் வரியில் பதில் சொல்வது பாடகர்களின் வழக்கம். நம் தாள ஆவர்த்தனம்போல அந்தச் சுற்று திரும்பத் திரும்ப வரும், ஒவ்வொரு முறையும் கலைஞர் தம் மனோதர்மத்தால் அதை நிரப்புவார். பரெல் இங்கே ஒரு சிறு சொற்றொடரை வாசிக்கிறார். நிறுத்துகிறார். பிறகு இரண்டு மூன்று கார்டுகளைச் சுருக்கென்று வைத்துத் தன் சொற்றொடருக்குத் தானே பதில் சொல்கிறார். கேள்வி கேட்கும் குரலும் பதில் சொல்லும் சபையும் ஒரே ஆளின் கைகளில். கறுப்பின தேவாலயங்களில் போதகருக்கும் சபைக்கும் இடையே நடக்கும் மறுமொழிப் பாட்டு அது. இடைவெளிகளில் பரேட்டோவின் காங்கா மட்டும் ஒலிக்கிறது.

‘சோல் லமென்ட்’ கிதார் மட்டுமே ஒலிக்கும் சிறிய புலம்பல். ஏழு பாடல்களில் ஒன்றைத் தவிர மற்றவை பரெலும் அவர் குழுவினரும் எழுதியவை. புளூஸ் என்ற ஒற்றை வடிவத்தைப் பலவிதமாகத் திருப்பிப் பார்க்கும் ஆல்பம் இது. வேகமும் சிக்கலும் திறமைக்கு அளவுகோலாக இருந்த காலத்தில், குறைந்த ஸ்வரங்களில் அதிகம் சொல்ல முடியும் என்று அது காட்டியது. டெக்ஸஸைச் சேர்ந்த ராக்–புளூஸ் கிதார் கலைஞர் ஸ்டீவி ரே வான் ‘சிட்லின்ஸ் கான் கார்னே’யைத் தாமும் பதிவு செய்திருந்தார். அவர் இறந்தபின் 1991இல் வெளியான ஆல்பத்தில் அது இடம்பெற்றது. ஜாஸ் கேட்காத ஒரு தலைமுறைக்கும் பரெலின் இசை அப்படிப் போய்ச் சேர்ந்தது.

ஜோ ஃபாவாவிடம் கற்ற கிளாசிக்கல் கிதாரும் வீண்போகவில்லை. 1964 டிசம்பரிலும் 1965 ஏப்ரலிலும் பதிவான ‘கிதார் ஃபார்ம்ஸ்’ ஆல்பத்தில் பல பாடல்களுக்கு கில் எவன்ஸ் ஆர்கெஸ்ட்ரா அமைத்தார். மைல்ஸ் டேவிஸின் ‘ஸ்கெட்சஸ் ஆஃப் ஸ்பெயின்’ ஆல்பத்துக்கு இசைவடிவம் தந்தவர் அவர். ‘கிதார் ஃபார்ம்ஸ்’ தட்டிலேயே கெர்ஷ்வினின் இரண்டாம் பிரெலூடின் ஒரு பகுதியைப் பரெல் துணையின்றித் தனியே வாசிக்கிறார். ஆங்கில நாட்டுப்பாடலும் நேரடியான புளூஸும்கூட அதில் உண்டு. எல்லா இசையும் எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது, புளூஸை விட்டுவிட வேண்டிய அவசியமுமில்லை என்று ஒரே இசைத்தட்டில் காட்டினார்.

எல்லிங்டனைப் பாடமாக்கியவர்

1970களின் தொடக்கத்தில் பரெல் கலிஃபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தார். ராக் இசை சந்தையைப் பிடித்துக்கொள்ள, ஜாஸ் மேடைகள் சுருங்கிய காலம் அது. அதே நேரத்தில் பல்கலைக்கழகங்களில் வேறொரு மாற்றம். 1960களின் குடிமை உரிமைப் போராட்டங்களின் விளைவாகக் கறுப்பின வரலாறும் பண்பாடும் பாடத்திட்டங்களுக்குள் வந்தன. ஜாஸ் கல்வியும் வளர்ந்தது. டேவிட் பேக்கர் இந்தியானா பல்கலைக்கழகத்தில் ஜாஸ் பாடத்திட்டத்தைக் கட்டியெழுப்பினார். ஜேமி எபர்சால்ட் 1967 முதல், மாணவர் வீட்டில் சேர்ந்து வாசித்துப் பழகுவதற்கான இசைத்தட்டுகளை வெளியிட்டார். பாஸ்டனில் பெர்க்லி கல்லூரி விரிந்தது. இவற்றில் பெரும்பாலானவை முன்னிறுத்தியது ஒரு கேள்வியை: இந்தக் கார்டின்மேல் எந்த ஸ்வர வரிசையை வாசிக்கலாம்? அதற்குத் தெளிவான விடையும் கிடைத்தது. ஆனால் இப்படிக் கற்ற மாணவர்கள் எல்லோரும் ஒரேமாதிரி வாசிக்கிறார்கள் என்ற குறையும் சீக்கிரமே எழுந்தது.

1978இல் லாஸ் ஏஞ்சல்ஸின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில், சுருக்கமாக யுசிஎல்ஏவில், பரெல் தொடங்கிய பாடத்தின் பெயர் ‘எல்லிங்டோனியா’. அமெரிக்கக் கல்லூரிகளில் ஜாஸ் இசையமைப்பாளர் டியூக் எல்லிங்டனுக்கென்றே தொடர்ந்து நடத்தப்பட்ட முதல் பாடமாக இது குறிப்பிடப்படுகிறது. ஜாஸ் அங்கே முற்றிலும் புதிதல்ல. கிளென் மில்லர் குழுவில் டிராம்போன் வாசித்த பால் டேனர் ஏற்கெனவே ஜாஸ் வரலாற்றுப் பாடம் நடத்திவந்தார். பரெல் செய்ததில் புதுமை, ஜாஸின் ஓர் இசையமைப்பாளரைத் தனியே எடுத்துக்கொண்டு, அவர் படைப்புகளை முழுமையாகப் படிக்கலாம் என்று கூறியதில் இருக்கிறது. இலக்கியத் துறையில் ஷேக்ஸ்பியருக்குத் தனிப்பாடம் இருக்கிறது, இசைத் துறையில் பீத்தோவனுக்கு இருக்கிறது. அந்த வரிசையில் ஒரு கறுப்பின ஜாஸ் இசையமைப்பாளரை வைப்பது அன்று ஒரு கலாச்சார வாதமும்கூட. 1965இல் புலிட்சர் இசைக் குழு எல்லிங்டனுக்குச் சிறப்புப் பாராட்டு வழங்கப் பரிந்துரைத்தும், மேல்வாரியம் அதை மறுத்திருந்தது. அவருக்கு அந்தப் பாராட்டு கிடைத்தது அவர் இறந்து 25 ஆண்டுகள் கழித்து, 1999இல்.

எல்லிங்டன் குழுவில் கிதாருக்கு என்றும் சிறிய இடமே இருந்தது. ஃபிரெட் கை தாளத்துக்குத் துணையாக வாசித்தார். 1949இல் அவர் விலகியபின் எல்லிங்டன் அந்த இருக்கையை நிரந்தரமாக நிரப்பவில்லை. அப்படியிருக்க, எல்லிங்டனைப் பாடமாக்கியவர் ஒரு கிதார் கலைஞர். தம் கருவிக்கு இடமில்லாத இசையைப் படித்ததால், பரெலின் கவனம் கருவியைத் தாண்டிக் குழுவின் அமைப்பின்மேல் விழுந்திருக்க வேண்டும். எல்லிங்டன் ‘டிரம்பெட்’டுக்கு என்று எழுதவில்லை, கூட்டி வில்லியம்ஸுக்கு என்று எழுதினார். 1940இல் பதிவான ‘கான்செர்டோ ஃபார் கூட்டி’ அதற்குச் சான்று. ஒரு கலைஞரின் குரலை அறிந்து, அந்தக் குரலுக்கேற்ற இடத்தைப் படைப்புக்குள் கட்டுவது அவர் முறை. எந்த ஸ்வர வரிசை என்ற கேள்விக்குப் பதிலாக, யாருடைய குரல் என்ற கேள்வியை அது முன்வைக்கிறது. மாணவரைத் தம் குரலைத் தேடச் சொல்லும் ஓர் ஆசிரியருக்கு இதைவிடப் பொருத்தமான பாடநூல் கிடைக்காது.

எல்லிங்டன் 1974 மே 24 அன்று இறந்தார். 1975 பிப்ரவரியில் பரெல் ‘எல்லிங்டன் இஸ் ஃபாரெவர்’ என்ற இரட்டை ஆல்பத்தைப் பதிவு செய்தார். ஜிம்மி ஸ்மித், ஜோ ஹெண்டர்சன், தாட் ஜோன்ஸ், இளைஞரான ஜான் ஃபாடிஸ் என வெவ்வேறு தலைமுறையினர் அதில் வாசித்தார்கள். பல பாடல்களில் பரெல் பின்னுக்கு நின்று மற்றவர்களை முன்னுக்கு விடுகிறார். மூன்று ஆண்டுகள் கழித்து வந்த பாடத்தின் வரைவு இந்த இசைத்தட்டிலேயே இருக்கிறது.

துறையைக் கட்டியது

1987இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஜாஸை அரிய தேசியச் செல்வமாக அறிவிக்கும் தீர்மானத்தை நிறைவேற்றியது. அதைக் கொண்டுவந்த ஜான் கான்யர்ஸ் டெட்ராய்டின் உறுப்பினர். பரெல் படித்த வேய்ன் பல்கலைக்கழகத்தின் பட்டதாரி. தீர்மானத்தால் மேடைகள் பெருகவில்லை. ஆனால் பல்கலைக்கழகங்களில் இடம் கேட்பவர்களின் கையில் ஓர் ஆவணம் வந்தது.

1996இல் யுசிஎல்ஏவில் ஜாஸ் கல்வித் திட்டம் பரெலின் தலைமையில் தொடங்கியது. அது இன இசையியல் துறைக்குள் அமைந்ததைக் கவனிக்க வேண்டும். மேன்டில் ஹூட் வளர்த்தெடுத்த துறை அது. ஓர் இசையை ஆராய்பவர் அதை வாசிக்கவும் கற்க வேண்டும் என்பது ஹூட்டின் கொள்கை. ஜாவாவின் கமெலான் இசை அங்கே கற்பிக்கப்பட்டது. வீணை தனம்மாளின் பேரனான புல்லாங்குழல் கலைஞர் டி. விசுவநாதன் 1950களின் இறுதியில் ஃபுல்பிரைட் உதவித்தொகையில் அந்தப் பல்கலைக்கழகத்துக்குத்தான் சென்றார். குருவிடம் நேரில் அமர்ந்து, கேட்டுக் கற்கும் மரபுகளுக்கு மதிப்புத் தந்த அந்தச் சூழலுக்குள் ஜாஸை வைத்தபோது, அதுவும் அப்படிப்பட்ட ஒரு மரபு என்று ஒப்புக்கொள்ளப்பட்டது. ஐரோப்பிய இசைக் கல்லூரியின் ஓரத்தில் ஒரு கூடுதல் விருப்பப் பாடமாக வைத்திருந்தால் அந்த ஒப்புதல் கிடைத்திருக்காது.

ஆசிரியர்களின் பட்டியலும் அதையே சொல்கிறது. பெரிய குழுக்களுக்கு இசை எழுதிய ஜெரால்ட் வில்சன் அங்கே கற்பித்தார். அவரும் டெட்ராய்டின் காஸ் டெக் பள்ளியில் படித்தவர். ஆர்னெட் கோல்மன் முதல் லீ மார்கன் வரை எல்லோருக்கும் டிரம்ஸ் வாசித்த பில்லி ஹிக்கின்ஸ் கற்பித்தார். ஹிக்கின்ஸ் 1989இல் லாஸ் ஏஞ்சல்ஸின் லைமர்ட் பார்க் பகுதியில் த வேர்ல்ட் ஸ்டேஜ் என்ற கலைக்கூடத்தைக் கவிஞர் கமாவ் டாவூதோடு தொடங்கி, அக்கம்பக்கத்து இளைஞர்களுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தவர். மேடையிலேயே வாழ்ந்தவர்களைப் பரெல் பல்கலைக்கழகத்துக்கு அழைத்துவந்தார். பேரி ஹாரிஸ் வீட்டுக்கூடத்தின் முறையை நிறுவனத்துக்குள் நட முயன்றார் என்று இதைச் சொல்லலாம். 2015இல் ‘த எபிக்’ என்ற மூன்று தட்டு ஆல்பத்தால் உலகக் கவனம் பெற்ற சாக்ஸபோன் கலைஞர் காமாசி வாஷிங்டனும், பாடகி கிரெட்சன் பார்லாட்டோவும் அங்கே படித்தவர்கள். ஒருவருடைய இசைக்கும் மற்றவருடைய இசைக்கும் ஒற்றுமை தேட முடியாது. ஒரே அச்சில் வார்க்காத கல்வி என்பதற்கு அதுவே அத்தாட்சி.

வகுப்பறைக்கு வெளியேயும் இதே போக்கு. 1986இல் நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்ட் மேடையில் பதிவான ‘ஜெனரேஷன்’ ஆல்பத்தில், தம்மைவிட 25, 30 வயது இளைய ராட்னி ஜோன்ஸையும் பாபி புரூமையும் சேர்த்துக்கொண்டு மூன்று கிதார்களோடு வாசித்தார். அந்த இருவருமே பின்னாளில் ஆசிரியர்களானார்கள். 2005இல் அமெரிக்கத் தேசியக் கலை நிதியம் பரெலுக்கு ‘ஜாஸ் மாஸ்டர்’ என்ற உயரிய கௌரவத்தை அளித்தது.

இரண்டு குறைகள்

பரெல்மீது வைக்கப்படக்கூடிய விமர்சனங்கள் இரண்டு. ஒன்று, அவர் ஆபத்தான பாதையில் போகாதவர். கோல்ட்ரேன் 1960களில் வடிவங்களை உடைத்துக்கொண்டு போனார், ஜான் மெக்லாக்லின் போன்ற கிதார் கலைஞர்கள் ராக்கின் ஓங்காரத்தை ஏற்றார்கள். பரெல் புளூஸையும் பழைய பாடல்களையும் விட்டு நகரவில்லை. இது உண்மைதான். 1960க்குப் பின் அவருடைய அடிப்படை நடையில் பெரிய திருப்பம் இல்லை. ஒரு வடிவத்தின் எல்லையைத் தாண்டியவர்களைப் போலவே, அந்த எல்லைக்குள் எவ்வளவு ஆழம் இருக்கிறது என்று காட்டியவர்களும் அந்த இசைக்கு வேண்டும் என்பதே இதற்குச் சொல்லக்கூடிய பதில்.

இரண்டாவது விமர்சனம் கனமானது. ஒரு மேதையைப் பாடமாக்கினால் வரலாறு மேதைகளின் வரிசையாகச் சுருங்கிவிடும். எல்லிங்டனோடு சேர்ந்து எழுதிய பில்லி ஸ்ட்ரேஹார்ன், குழுவில் பெயரின்றிக் கரைந்த எத்தனையோ கலைஞர்கள், மேடை வாய்ப்பே கிடைக்காத பெண் கலைஞர்கள் எல்லோரும் அந்தப் பெரிய பெயரின் நிழலில் மறையலாம். ஜாஸ் பாடத்திட்டங்கள் பலவற்றுக்கும் இது இன்றும் தீராத சிக்கல். ஆனால் 1978இல் நிலைமை வேறு. அன்று ஜாஸுக்குப் பல்கலைக்கழகத்தில் இருந்த பிரச்சினை அளவுக்கு மீறிய புகழ் அல்ல, அங்கீகாரமே இல்லாமை. முதலில் ஒரு பெயரையாவது ஊன்ற வேண்டியிருந்தது. ஊன்றிய பெயரைச் சுற்றி மற்றவர்களைக் கொண்டுவருவது பின்வந்தவர்களின் கடமை.

இதில் ஒரு கசப்பும் இருக்கிறது. பரெலை உருவாக்கிய ஹேஸ்டிங்ஸ் தெருவும் பிளாக் பாட்டமும் இன்று இல்லை. 1950களிலும் 60களிலும் நெடுஞ்சாலைக்காகவும் நகர்ப்புற மறுசீரமைப்புக்காகவும் அவை இடிக்கப்பட்டன. ஜாஸ் பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்த அதே காலத்தில், அதை இலவசமாகக் கற்றுக்கொடுத்த தெருக்கள் அழிந்துகொண்டிருந்தன. முன்பு அக்கம்பக்கம் தந்த கல்வியை இன்று கட்டணம் கட்டிப் பெற வேண்டியிருக்கிறது. பல்கலைக்கழகத் துறை எவ்வளவு சிறந்ததானாலும் அந்த இழப்புக்கு முழு ஈடு ஆகாது. மதுக்கூடமும் தேவாலயமும் வீட்டுக்கூடமும் சேர்ந்து செய்த வேலையில் ஒரு பகுதியைத்தான் அதனால் காப்பாற்ற முடியும்.

பரெல் காப்பாற்றியது அந்த ஒரு பகுதியைத்தான். ஆனால் சரியான பகுதியைத் தேர்ந்தெடுத்துக் காப்பாற்றினார். நுட்பம் புத்தகங்களில் கிடைத்துவிடும். பிறருக்குச் செவிகொடுப்பதும், இடம்விடுவதும், தன் குரலைத் தேடுவதும் வாழும் கலைஞர்களிடமிருந்தே தொற்றிக்கொள்ள வேண்டியவை. அந்தத் தொற்று அறுந்துபோகாமல் ஒரு நிறுவனத்துக்குள் இடம் பிடித்துக் கொடுத்தவர்களில் பரெல் முதன்மையானவர். சார்லி கிறிஸ்டியன், வெஸ் மான்ட்கோமரி போன்றோரின் வரிசையில் கிதார் கலைஞராக அவருக்கு எந்த இடம் என்று ரசிகர்கள் தொடர்ந்து விவாதிக்கலாம். வாசிப்பையும் கற்பித்தலையும் ஒரே தரத்தில் பல பத்தாண்டுகள் நடத்தியவர் என்று பார்த்தால், அவருக்கு இணையாக வைக்கக்கூடிய ஜாஸ் கிதார் கலைஞர்கள் மிகச் சிலரே.